காலி எடை

போகியன்று அதற்கு ஆதரவு முடிந்தது.
நாள் குறித்தது கம்பெனி.
அவனுக்குப் போகி தெரிந்திருக்க நியாயமில்லை.
பச்சையாங்குப்பத்தில் விடியுமுன்னே எரித்த டயர்ப்புகை
சிப்காட் புகையோடு போய்ச் சேர்ந்து
எது யாருடையதென்று தெரியாமல் கிடந்தது.
பொங்கல் கழிந்து எடைமேடையைத் திறந்தேன்.
திரை முழுக்க ஓர் அறிவிப்பு,
இனி உனக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பதை
மரியாதையான இங்கிலீஷில்.
கீழே ஒரு பொத்தான்: மறுபடி நினைவூட்டாதே.
அழுத்தினேன்.
வெளியே உப்பு லோடு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

எடைக்கான புரோகிராமை எழுதியவர் தணிகைவேலு,
நெய்வேலி டிப்ளமோ, இப்போது மஸ்கட்.
போகும்போது பத்திரமாக வையுங்கள் என்று
ஒரு சிடி கொடுத்தார்.
தேவைப்பட்ட நாளில் போட்டுப் பார்த்தால்
அவருடைய கல்யாண வீடியோ.
மூன்று மணி நேரம்.
பந்தியில் எங்கள் முதலாளி இரண்டாவது தடவை
பாயசம் கேட்கிறார்.
புரோகிராம் எங்கும் இல்லை.

மரைக்காயர் மருமகன் இம்தியாஸ்
புதுசு ஒன்று வாங்கி வந்தார், தட்டு மாதிரி மெலிசு.
மேடையிலிருந்து வரும் ஒன்பது ஊசி வயருக்கு
அதன் உடம்பில் ஓட்டையே இல்லை.
பாண்டிச்சேரிக்குப் போய் இணைப்பான் வாங்கி மாட்டியதில்
இருபது டன் ஜிப்சம் இரண்டு டன் ஆயிற்று.
வாங்க வந்தவர் சிரித்தார்.
விற்றவர் சிரிக்கவில்லை.
புதுசு இப்போது மருமகன் வீட்டில்
பிள்ளைக்கு கார் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பிடிவாதக்காரி என்று
ஓ.டி. வரை பேச்சு.
பூட்டு தேய்ந்த கதவு இது, எனக்குத் தெரியாதா?
நெட் வயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டேன்.
பென் டிரைவை யார் நீட்டினாலும்
சீட்டு கையெழுத்தில் தருகிறேன் என்பேன்.
ராத்திரி வீட்டுக்குப் போகுமுன்
அன்றைய எடைகளை நோட்டில் எழுதிவைக்கிறேன்.
நம்பிக்கை வேறு, நோட்டு வேறு.

உள்ளே ஒரு சின்ன பேட்டரி செத்து வெகுநாளாயிற்று.
தினமும் காலையில் அதற்கு
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
தேதியை நான்தான் சொல்லித்தர வேண்டும்.
மழை நாளில் ஒருமுறை மறந்துபோய்
பதினோரு லாரிக்கு அந்தப் புத்தாண்டிலேயே சீட்டு கொடுத்தேன்.
ஆலை கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
ஏகாம்பரம் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
'அப்ப எனக்கு சுகர் இல்ல சகாயம்' என்றார்.

அவர் வண்டி எண்ணைத் தட்டினால்
காலி எடை தானாக வந்து நிற்கும்:
ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது. பதினொன்றில் எடுத்தது.
போன மாதம் வெறும் வண்டியை ஏற்றிப் பார்த்தோம்.
எட்டாயிரத்துப் பத்து.
நூற்றெழுபது கிலோ எங்கிருந்து வந்தது?
தார்ப்பாய், கயிறு, இரண்டாவது ஸ்டெப்னி,
ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த பெயிண்ட்.
துரு எடையைக் கூட்டுமா குறைக்குமா என்று
கொஞ்ச நேரம் வாதாடினோம்.
மாற்றட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றார், பிறகு மாற்று என்றார்.
மாற்றும்போது திரையைப் பார்க்கவில்லை.

புதுசு எதுவும் வெறுமனே வருவதில்லை,
இதுதான் நான் இங்கே உட்கார்ந்து கற்றது.
காலியாக இருக்கும்போதே பாதி லோடு.
ஆனால் இதுவும் இப்போது
காலையில் கண் திறக்க ஒரு டீ நேரம் எடுக்கிறது.
டிஸ்க்குக்குள் பல்லி கத்துவது போல் ஒரு சத்தம்.
எந்தப் பக்கமும் நான் வாதாட முடியும்.

உப்பனாற்றுக் காற்று திரும்பும் நேரம்
கேட்டைச் சாத்திவிட்டு
மேடைமேல் நான் ஏறி நிற்பதுண்டு.
அறுபது டன் தாங்குகிற இரும்புக்கு
என்னைத் தெரிகிறதா என்று பார்க்க.
வெளிப் பலகையில் சிவப்பாக அறுபது வரும்.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
சாவிக்கொத்து, டிபன் பாக்ஸ், நனைந்த குடை எல்லாம் சேர்த்து.

உள்ளே வந்தால் திரை கேட்டுக்கொண்டு நிற்கும்,
எல்லோரையும் கேட்பது போல:
காலி எடை?

எதையும் தட்டாமல் அணைக்கிறேன்.