சம்மதப் படிவம், மூன்றாம் பக்கம்

வெற்றிலை போட்டு வந்தவர்கள்
வாய் கொப்பளித்து அரைமணி நேரம் இருக்க வேண்டும்.
ஆலையடிவேம்பில் அன்று எனக்கு அதுதான் வேலை:
மணிக்கூட்டைப் பார்ப்பது, குழாயை நீட்டுவது,
கோடு வரை துப்பச் சொல்வது.

குடி என்ன, வயிற்றுவார் என்ன என்று
படிவம் கேட்டது. எல்லோரும் சொன்னார்கள்.
றோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சவுதும்மாவும் சொன்னா,
தாயின் தாயின் தாய் வரை.
இழைமணி தாய்வழியில் மட்டும் இறங்கும் என்று
கொழும்பிலிருந்து வந்தவர் படம் போட்டுக் காட்டியபோது
"இதைக் கண்டுபிடிக்கவா கா இவ்வளவு செலவு?"
பின்வரிசையில் சிரிப்பு.

நேசமலர் சிரிக்கவில்லை.
"ஆம்பிளைப் பிள்ளைக்கும் வருமா?"
வரும். அவனோடு நின்றுவிடும்.
"எலும்பில?"
எலும்பிலும் இருக்கும் என்றேன்.
அதை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை.

கோடு வரை நிரப்ப அவவுக்கு நெடுநேரம் எடுத்தது,
வாய் காய்ந்து போயிருந்தது.
பிறகு மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில்,
பெட்டிகளுக்கு வெளியே, நீலப் பேனையால்:
'என்ட மகன் சுதாநந்தன், தொண்ணூறாம் ஆண்டு ஆவணி.
எங்கயாவது எலும்பு எடுத்தா
இதோட பொருத்திப் பாக்கணும்.
பாத்தா சம்மதம்.'

பட்டாணி எண்ணிய துறவியைப் பற்றி
உயர்தரத்தில் படித்திருக்கிறேன்.
அவர் எழுதியதை முப்பத்துநாலு வருசம்
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்த பிறகு சிலர்
யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று
சட்டம் எழுதினார்கள்.
அதனால்தான் இந்தப் படிவம், இத்தனை பெட்டி, இத்தனை கவனம்.
எனக்கு விளங்குகிறது.

ஒழுக்கவியல் குழுவின் கடிதத்திலும் பிழை ஏதும் இல்லை.
நிபந்தனையோடு வரும் சம்மதம் சம்மதம் ஆகாது.
ஆய்வின் நோக்கத்துக்குப் புறம்பானது.
மாதிரி 143ஐ அழிக்கவும்.

மற்ற இருநூற்றுப் பதினொன்றும்
உலர்பனிக்கட்டியில் விமானம் ஏறின.
அழித்தேன் என்று கையொப்பமிட்டேன்.

கறன்ட் போகும் இரவுகளில்
மீன்வாடியில் ஐஸ் வாங்கிவந்து
ஆய்வுகூட உறைபெட்டியின் அடித்தட்டில் அடுக்குகிறேன்.
மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால்,
பெருவிரல் நீளம்.
யாருக்கும் தெரியாமல் ஒருவரின் எச்சிலை
வைத்திருப்பதற்கு
அந்தப் படிவத்தில் என்ன பெயர் இருந்தது என்று
எனக்குத் தெரியும். நான்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேற்று வாடியில் கணவாய்க்கு
விலை பேசிக்கொண்டு நின்றா.
"ஏதும் வந்துதா தம்பி?"
கையில் ஐஸ் பை
சொட்டிக்கொண்டிருந்தது.