விழுந்து முடியாத மரம்

புதன் இரவு முழுக்கக் காற்று.
வியாழன் விடியுமுன் லவ்ரியின் செய்தி:
"கறுப்பு ஆடு பாதை. மூன்றாவது வளைவு தாண்டி.
ஸ்ப்ரூஸ் ஒன்று. மார்பளவு.
குனிந்தாலும் நுழைய முடியாது."
கூடவே ஒரு படம்:
மரத்தின்மேல் சாய்த்து வைத்த அவள் சைக்கிள்,
அளவுகோலாக.

தபால் பிரிக்கிற வேலை அவளுக்கு, ஆறரைக்குத் தொடக்கம்.
அதற்குள் மலை ஏறி இறங்கிவிடுவாள்
நெற்றியில் விளக்கோடு.
அவள் சொல்லும் மார்பு அவளுடைய மார்பு.
எனக்கு அது வயிறு.
எட்டு வருடத்தில் இந்தக் கணக்கு
கைக்குப் பழகிவிட்டது.

மற்றவர்களும் சொல்வதுண்டு.
"மேலே எங்கேயோ ஒரு மரம்."
மேலே எங்கேயோ
இந்த வேல்ஸ் காட்டில் ஆயிரமாயிரம் மரம் நிற்கிறது, ஐயா.
எது படுத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.
ஒருவன் சுற்றிக்கொண்டு போவான்,
அடுத்தவன் அவன் டயர் தடத்திலேயே போவான்,
ஞாயிறுக்குள் பெர்ரிப் புதர்களைக் கிழித்துப்
புதிதாக ஒரு பாதை, தையல் போடாத காயம்போல.
பார்த்தவர் நூறு பேர்.
சொன்னவள் ஒருத்தி.

சனிக்கிழமை நானும் டெகிட்டும் கிளம்பினோம்.
முதுகில் ரம்பம், பெட்ரோல், ஆப்பு, கோடரி,
உலர்திராட்சை ரொட்டி.
மழை நின்றிருந்தது; மரங்கள்தான்
இன்னும் பெய்துகொண்டிருந்தன.

கிடந்தது.
வேரோடு பெயர்ந்து,
வீட்டுச் சுவர் உயரத்துக்கு
மண்ணைத் தூக்கிப் பிடித்தபடி.
சுவருக்குப் பின்னால் ஒரு குழி,
குழியில் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர்.

விழுந்த மரம் விழுந்துவிட்டது என்று
பழகாதவர்கள் நினைப்பார்கள்.
அது இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது,
மெதுவாக, உள்ளுக்குள்.
மேல்பக்கம் நசுங்குகிறது
அடிப்பக்கம் இழுபடுகிறது
எந்த நார் விறைத்திருக்கிறது என்று
நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.
மாஸ்டின் ஒருநாள் பார்க்கவில்லை.
தாடைக்குள் இப்போது ஒரு தகடு.
தேவாலயத்தில் இன்றும் பாடுகிறான்,
சில எழுத்துகள் மட்டும் வருவதில்லை.

டெகிட் போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.
நாய், குழந்தை, ஒதுங்க வந்தவன்,
யாருமில்லை.
"பார்த்தாச்சு."
"இன்னொரு தடவை பார்."
முணுமுணுத்தபடி இன்னொரு தடவை பார்த்தான்.

மேலிருந்து கொஞ்சம்.
ஆப்பு.
பிறகு அடியிலிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
மரத்தூள், பிசின் வாசனை, எண்ணெய்ப் புகை.
வெட்டு ஒரு விரல் அகலத்துக்கு வாய் திறந்தது

அடிமரம் எழுந்தது.

பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் எழுவதுபோல,
அவசரமே இல்லாமல்.
தூக்கி வைத்திருந்த மண்ணையெல்லாம்
தன் குழிக்குள் தானே போட்டு மூடி,
தண்ணீரைப் பக்கவாட்டில் துப்பிவிட்டு,
இரண்டரை முழ உயரத்தில்
நேராக நின்றது.
அந்தப் புதன்கிழமையே
நடக்காததுபோல.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
ரம்பம் மட்டும் கையில் உறுமிக்கொண்டிருந்தது.
அதை அணைத்தேன்.
டெகிட் ரொட்டியைப் பிரித்தான்.

மிச்ச மரத்தைத் துண்டு போட்டுச் சரிவில் உருட்டினோம்.
ஒன்றை மட்டும் வளைவின் ஓரம் நிறுத்தினோம்,
விடியலில் ஏறி வருகிறவள்
உட்கார்ந்து மூச்சு வாங்க.
திருட்டுப் பாதையின் வாயைக்
கிளைகளால் அடைத்தோம்.
"கறுப்பு ஆடு திறந்தாச்சு" என்று எழுதினேன்.

ஞாயிறு மதியம் ஒரு பெரிய கூட்டம்
கூச்சலோடு பாய்ந்து இறங்கியதாம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இல்லாத மரத்தைப் பற்றி
என்ன சொல்வார்கள், பாவம்.

திங்கள், விடியுமுன், லவ்ரி:
"மூன்றாவது வளைவு.
அடிமரம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது.
எனக்கு மார்பளவு.
உனக்கு வயிறு."