வண்டி நின்றதற்கான காரணம்

நூறு மூட்டை பார்லி.
ரஃப்ஹாவில் ஏற்றிக்கொண்டு லீனா சாலையில்
காலை ஆறு நாற்பதுக்குத் திரும்பினேன்.

பொங்கல் வரைக்கும் இந்தப் பூமி
நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி மாதிரிக் கிடந்தது.
நடுவில் மூன்று நாள் மழை.
அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம் இது.

கத்தரிப்பூ நிறம்.
வேறு சொல் அகப்படவில்லை எனக்கு.
சாலையின் இடது ஓரத்தில் ஆரம்பித்து
கண் சலிக்கிற இடம் வரைக்கும்
ஒரே கத்தரிப்பூ நிறம்.

"குஸாமா" என்றான் தில்பகதூர்.
வந்து ஆறு வருஷத்தில்
இதோடு இரண்டு தடவை பார்க்கிறானாம்.
மீதி நாலு வருஷமும்
விதையெல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டேன்.
"டூட்டி இல்லாமல் ரூமில்" என்றான்.

அறுபதாவது கிலோமீட்டரில் தகரக் கொட்டகைகள்.
கோதுமைக்கு அரசாங்கம் காசு கொட்டிய காலத்தில் எழுந்தவை.
கூரையில் பாதியைக் காற்று எடுத்துப் போயிருந்தது,
மீதியில் புறாக்கள்.
வட்டமடித்துத் தண்ணீர் தெளித்த நீள இரும்புக் கை ஒன்று
முழங்கையில் ஒடிந்து தரையில் கிடந்தது.
அதன் சக்கரம் புதையுமளவு பூ,
ஒருத்தரும் தண்ணீர் விடாத பூ.

லீனாவில் அதைவிடப் பழசு.
வரிசையாக மண் கிடங்குகள், குட்டைக் கதவுகள்.
வாசலில் ஒரு பலகை.
எழுத்துக் கூட்டித்தான் அரபி வாசிப்பேன்,
ஒரே ஒரு சொல் சட்டென்று வந்தது: ருஸ்.
அரிசி.
இவ்வளவு தூரம் வந்தும்
கண் முதலில் அதைத்தான் பொறுக்குகிறது.

அபூ நாயிஃப் காவா ஊற்றினார்,
பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தினார்,
கொட்டகைப் பூட்டை மட்டும் திறக்கவில்லை.
"பார்லி வேண்டாம்."
ஏன் என்று கேட்டதற்கு
மோவாயால் வெளியே காட்டினார்.
இருநூறு ஆடுகள்
கத்தரிப்பூ நிறத்துக்குள் தலையை விட்டிருந்தன.
ஒன்றும் நிமிரவில்லை.
"நீயே அதுகளிடம் பேசிப் பார்.
இல்லாவிட்டால் ஒரு மாசம் போகட்டும்,
வெயில் வந்து உன் பக்கம் பேசும்."

இறக்கினால்தான் ட்ரிப் காசு.
நாற்பது ரியால் எனக்கு,
மூட்டை தூக்குகிறவனுக்கு இருபத்தைந்து.

ஏற்றிய நூறும் அப்படியே முதுகில் இருக்க
வந்த வழியே வண்டியைத் திருப்பினேன்.
பூவின் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன்.
இப்போது அது என் வலது பக்கம்,
கைக்கெட்டுகிற பக்கம்.
பத்து கிலோமீட்டர் கோபம் தாங்கியது.

தார் முடிகிற இடத்தில் இறக்கி நிறுத்தினேன்.
என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
பிறகு உட்கார்ந்தேன்.
கிட்டத்தில் அது ஒரே நிறமே இல்லை;
சிலது வெளிறி, சிலது கன்றி,
நாலு நாலு இதழ்,
நடுவில் நகக்கண் அளவு வெள்ளை.
தில்பகதூர் வீட்டுக்கு வீடியோ போட்டான்.
போக்ராவில் அவன் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம்
அசையாத ஊதாக் கட்டங்கள்தான்.
"சுவருக்குப் பெயின்ட்டா?" என்று கேட்டாளாம்.
அவன் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு
உள்ளே நடக்க ஆரம்பித்தான்.

என் போன் அடித்தது.
எகிப்துக்காரர் இஹாப்,
திரையில் எங்கள் புள்ளியைப் பார்த்தபடி:
"பதினோரு நிமிஷமாக வண்டி நகரவில்லை."
அவரிடம் இருப்பது நாலே காரணங்கள்,
டீசல், தொழுகை, போலீஸ், டயர்.
ஐந்தாவதுக்குப் பட்டன் இல்லை.

"டயர்" என்றேன்.
"எந்த டயர்?"
திரும்பிப் பார்த்தேன்.
பள்ளத்துக்குப் பள்ளம் இதழ் நசுங்கி அப்பி,
ஈரமாக,
விளிம்பு வரை ஊதா.
"பின்பக்கம், வலது."
"ரொம்ப மோசமா?"
"ஆமாம். முழுக்க ஏறியிருக்கிறது."
என்ன ஏறியது என்று அவர் கேட்கவில்லை.
"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

தில்பகதூர் இடுப்பளவு தூரத்துக்குச் சின்னதாகியிருந்தான்.
சிக்னல் இன்னும் கிடைத்தபாடில்லை.

"ஸ்டெப்னி கழற்றணும்" என்றேன்.