குழாய்க்காரனின் மனு

முப்பது வருடமாகக் குழாய் பதிக்கிறேன்.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
இரண்டு அங்குலத்தில் ஓடியதை
ஒன்றேகால் அங்குலத்தில் ஓடச் சொன்னால்
தண்ணீர் கேட்காது.
திரும்பி வரும். சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின்
குளியலறையில் பொங்கும்.

பள்ளிக்கூட அரங்கில் கூடியபோது
இதைத்தான் எழுந்து சொன்னேன்.
மாநகராட்சிப் பொறியாளர் கில்லியன்,
என் ஸ்பானரைவிட இளையவர்,
"கார்கள் தண்ணீர் இல்லை, மிஸ்டர் கியோ" என்றார்.
வாஸ்தவம்.
தண்ணீர் ஹார்ன் அடிக்காது.

ஏழு நாற்பத்தெட்டு.
மழை என்று சொல்ல முடியாத மழை.
இந்தக் கார்க் நகரத்தில் யாரும் அதற்குக் குடை விரிப்பதில்லை,
நனைந்துகொண்டே மறுக்கிறோம்.
மால்ட்ஹவுஸ் சாலை இறக்கத்தில் என் வேன்.
முன்னால் கப்னெட்டின் ரொட்டி வண்டி;
பின்கதவு இடுக்கில் கசியும் வாசனையை
இருபது நிமிடமாக ஓசியில் தின்கிறேன்.
எள் போட இடமில்லை என்பார்கள்.
இங்கே எள் விழுந்து, முளைத்து,
காய்த்து, செக்குக்குப் போகவும்
நேரமிருக்கிறது.

இடப்பக்கம் அந்தப் பாதை.
செங்காவிப் பூச்சு, ஓரமாய் வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பங்கள்.
போட்ட மாதமே மூன்றைக் காணோம்.
ஒன்று ஹெனபெரி வீட்டு வாசலில்
தலைகீழாய் நின்று பூச்செடி சுமக்கிறது.
பார்த்தும் பார்க்காதவன் நான்.

எண்ணினேன். வேறென்ன வேலை?
பத்து நிமிடத்தில் சைக்கிள் நான்கு.
நாலாவது ஆள் ஒரு கையால் வாழைப்பழம் உரித்தபடி
எங்கள் எல்லோரையும் தாண்டிப் போனான்.
அந்தப் பழத்தின் மேல் எனக்கிருந்த ஆத்திரம்
பழத்துக்கே தெரிந்திருக்கும்.

மேட்டுத் தெருவில் ஒரு வாடிக்கையாளர்
சமையலறைக் கூரை சொட்டச் சொட்ட
வாளி மாற்றிக்கொண்டிருக்கிறார்.
அதற்கு முன் நகர மண்டபம்.
ஒன்பது மணிக்குள் மனு சேர வேண்டும்:
பாதையை எடு, சாலையைக் கொடு.
அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
வீடு வீடாய் ஏறி
நானே வாங்கியது.

பக்கத்து இருக்கையைத் தடவினேன்.
கோப்பு இல்லை.
வெண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில்,
சாப்பாட்டு மேசையில்,
பத்திரமாக இருக்கிறது.

திரும்ப முடியாது. முன்னே போக முடியாது.
வீட்டுக்கு அடித்தேன். டெர்வ்லா எடுத்தாள்.
பதினேழு வயது. "உம்" என்றாள்.
அந்த "உம்"முக்குள் என்னென்னவோ இருந்தது.

ஆறே நிமிடம்.
இடப்பக்கக் கண்ணாடியில் தட்டும் சத்தம்.
அது பாதிதான் இறங்கும், பழைய வேன்.
அந்தப் பாதியில் அவள் முகம்,
தலைக்கவசத்தில் முத்து முத்தாய்த் தூறல்,
மேலங்கிக்குள் என் கோப்பு.

"இங்கே வைக்கவா,
இல்லை நானே கொண்டுபோய்க் கொடுக்கவா?"

கப்னெட் தன் பக்கக் கண்ணாடியில் பார்க்கிறாள்.
பின்னால் நிற்கும் டாக்ஸிக்காரனும் பார்க்கிறான்.
அறுநூற்றுப் பன்னிரண்டில்
இருவர் அவர்கள்.

"நீயே கொடு" என்றேன்.
தண்ணீர்க் கணக்கில்
வேறு பதில் இல்லை.

எட்டு முப்பத்தொன்று.
ஷாண்டன் மணிக்கூண்டின் நான்கு முகங்களும்
ஆளுக்கொரு நேரம் காட்டும் ஊர் இது;
எதை நம்பினாலும் நான் தாமதம்தான்.
செல்பேசி சிணுங்கியது:
உங்கள் மனு கிடைத்தது, நன்றி.
அதற்குள் நான் நகர்ந்த தூரம்
இரண்டு கார், ஒரு குப்பைத்தொட்டி.

மனுவை நான் திரும்பப் பெறப்போவதில்லை.
குழாய் குழாய்தான். கூரை இன்னும் சொட்டுகிறது,
அந்த வாளிக்கு யார் பதில் சொல்வது?

எதிர்ப்புறப் பாதையில் அவள் திரும்பி வந்தாள்.
பள்ளிக்குப் பிரியும் முனையில்
வலக்கையை நீட்டினாள்.

எனக்கா,
திருப்பத்துக்கா என்று தெரியவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
விளக்கை ஒருமுறை அடித்துக் காட்டினேன்.