ஓட்டை வாளி

மாசி அமாவாசை கழிந்து
மூன்றாம் பிறை தெரிந்தால் காமன் ஊன்ற வேண்டும்.
அரசங்கொப்பு கோயிலடியில் இருக்கிறது.
கரும்பு பொகவந்தலாவையில் கிடைக்கும்.
ஆமணக்குக்குத்தான்
இந்த வருஷம் வழியில்லை.

ஏழாம் நம்பர் மலை, ஆற்றோரம்,
லயத்துக்குப் பின்னால் கான் நெடுக
எல்லாம் வைக்கோல் நிறம்.
"நீதானே மருந்தடிச்சே,
நீயே தேடிக்கிட்டு வா" என்று
என் புருஷன் சன்னாசியிடம்
வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டார்கள்.

ஒரு பகல் முழுக்க
தான் கருக்கிய பக்கமெல்லாம் குனிந்து நடந்தார்.
முதுகில் டேங்க் இல்லாமல்
அவர் கூனி நடந்ததை
அன்றுதான் பார்த்தேன்.

அந்தியில்
பீலிக்கரைக்குக் கீழே ஒன்று.
முழங்கால் உயரம், சிவப்புத் தண்டு,
விரித்த கையாக ஐந்தாறு இலை.
அடியில் கொஞ்சம் புல்லும் பச்சை,
வட்டமாக,
யாரோ அளந்து விட்ட மாதிரி.

செருப்பைக் கழற்றினார்.
"கோவிச்சுக்காத" என்றார் செடியிடம்.
அப்புறம்தான் கத்தியை எடுத்தார்.

சாமி காத்த செடி என்று
லயம் லயமாகப் பேச்சு.
கம்பத்தில் வைக்கோல் பிரி சுற்றினார்கள்.
ரதி வேஷம் ஆட்டோ ஓட்டும் லோகிதனுக்கு;
மீசையை எடுக்க அவன் அழுதது
மன்மதனுக்கு அழுததைவிட அதிகம்.
பதினாறாம் நாள் நெற்றிக்கண் திறந்தது,
தப்பு அதிர்ந்தது, காமன் எரிந்தான்.
எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்
விடியும்வரை பாட்டில் மல்லுக்கட்டின.
நான் எந்தக் கட்சி என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் மருந்தடிக்கும் அன்று
விடிய முன்பே போய்
ஓட்டை வாளியொன்றை அங்கே கவிழ்த்து
மேலே கல்லும் வைத்துவிட்டு
பெரட்டுக்கு ஓடினேன்.
சாமிக்காக இல்லை.
ரெண்டு இலை விட்டிருந்தது,
அவ்வளவுதான்.
ராத்திரி பக்கத்தில் படுப்பவருக்கும்
இது தெரியாது.

திங்கட்கிழமை.
மேல்மலையில் கொழுந்தெடுத்தபடி பார்க்கிறேன்.
கானோரமாய் மருந்தடித்து வந்தவர்
பீலிக்கரைக்குக் கீழே வந்ததும்
குழாயை மூடுகிறார்.
நாலு எட்டு சும்மா நடக்கிறார்.
பிறகு திறக்கிறார்.

அங்கே இருப்பது
வெட்டிய தண்டின் அடி, நாலைந்து எறும்பு.

கூடைக் கயிறு நெற்றியை அறுக்கிறது.
அந்த வாளியை இனி
கோழிக்குஞ்சு மூட எடுத்துக்கொள்ளலாம்.