பூச்சிய வழு

பாசையூர் மீன்சந்தையில்
விடிய ஐந்தரைக்கு
எமில்டா அக்காவின் தராசு பொய் சொல்கிறது.
ஒன்றும் வைக்காத தட்டில் நாற்பது கிராம்.
"காத்தையோ நிறுக்குது?" என்கிறா.
சனம் சிரிக்கிறது.
நான் திருகாணியைக் கழற்றுகிறேன்.

நாலு வருசம் பிரயோக பௌதிகம்.
பட்டமளிப்புப் படத்தில் என் தொப்பி சரிந்திருக்கும்.
பிறகு ஆரைக் கண்டாலும்,
அப்ப எஞ்சினியரோ?
இல்லை.
அப்ப ரீச்சரோ?
இன்னும் இல்லை.
அப்ப?

அந்த "அப்ப"வுக்குள் இரண்டு வருசம் இருந்தேன்.
கச்சேரிக்கு முன்னால் பதாகை பிடித்த
பதினேழு நாளும் அதற்குள்தான்.
வெயில் ஏற ஏற
பதாகை கட்டிய கம்பி எவ்வளவு நீளும் என்று
மனம் கணக்குப் பார்த்தது.
கை விடவில்லை.

கொழும்பில் ஒரு நேர்முகம்.
"வேறென்ன தெரியும்?" என்று கேட்டவர்
ஏசியைக் கூட்டச் சொன்னார்.
வேறொன்றும் தெரியாது, சேர்.
அளக்கத் தெரியும்.
அளந்ததில் எவ்வளவு வழு என்று
ஒளிக்காமல் எழுதத் தெரியும்.
இதை அங்கே சொல்லவில்லை.
திரும்பி வரும்போது முறிகண்டியில்
கச்சான் சரையைப் பிரித்துக்கொண்டு சொன்னேன்.

கஜரூபன் பளையில் காற்றாலைக் கோபுரம் ஏறுகிறான்.
மேலே நின்றால் இரண்டு பக்கமும் தண்ணியாம்.
வினோ தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில்
கதிர் எவ்வளவு, எந்த இடத்தில் என்று பார்க்கிறவள்.
இரவில் போன் எடுப்பாள்,
வேலையைப் பற்றிக் கதைக்கமாட்டாள்.

எனக்கு இது வாய்த்தது.
தட்டுக்கு அடியில் விரலளவு அலுமினியம்.
அதன் முதுகில் ஒட்டிய மயிரிழைக் கம்பிகள்
பாரத்துக்கு இழுபடும்.
நாலு தடைகள், ஒரு வீற்சன் பாலம்.
லாப்பில் எத்தனை பின்னேரம் அதைச் சமப்படுத்தினோம்,
ஆரும் கடக்காத அந்தப் பாலத்தை.
முள் பூச்சியத்தில் நிற்கிற நேரம்தான்
தெரியாதது தெரியவரும்.

உப்புத்தான்.
வயர் மூட்டில் கடல் பூத்திருக்கிறது.
சுரண்டி, துடைத்து, ஈயம் பற்றவைத்து,
ஒரு கிலோப் படிக்கல்லை வைக்கிறேன்.
ஆயிரம்.
எடுக்கிறேன்.
பூச்சியம்.

அக்கா நம்பவில்லை. தன் கையால் வைத்து
தன் கையால் எடுக்கிறா.
பிறகு மெல்லக் கேட்கிறா,
"அப்ப இவ்வளவு நாளும்
நான் நாப்பது கிராம் களவெடுத்தனானோ?"

பூச்சிய வழு, அக்கா.
லாப்பில் அப்படித்தான் சொல்வோம்.
கழித்து எழுதினால் சரி.

அவ ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்து வந்த மனிசியின் பைக்குள்
ஒரு பிடி சூடையைக் கூடப் போட்டா,
நிறுக்காமல்.