மற்றவை

இரவு ஷிஃப்டில் நான் முதலில் திறப்பது
பட்டியலை.
பராமரிப்புப் பணிகள், மொத்தம்
மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
குடிகாடு பக்கம் நாய் குரைக்கிறது.
உப்பனாற்று வெள்ளம் வடிந்து நாலு நாளாகியும்
கண்ட்ரோல் ரூம் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு.

நாளைக் காலை ஒன்பதுக்குத் தணிக்கை.
"சிவப்பு ஒண்ணுகூடத் தெரியக் கூடாது, பாடலீஸ்வரி"
என்றுவிட்டு மேனேஜர் மஞ்சக்குப்பம் போய்விட்டார்.
வேலையை முடி என்று அவர் சொல்லவில்லை.
எனக்கும் அது புரியாமல் இல்லை.

துறை: இயந்திரப் பிரிவு.
நிலை: முடியாதவை.
கெடு: இன்றைக்கு முன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் மிஞ்சின.
அவசரம் என்று குறித்தவை மட்டும் என்றேன்: ஒன்பது.
இந்த மாதம் தொடங்கியவை மட்டும்: ஒன்று.
என் பெயரில் உள்ளவை மட்டும்.
திரை வெளுத்தது.
'காட்ட எதுவுமில்லை.'

இத்தனை சுத்தமான தொழிற்சாலையை
நான் பார்த்ததே இல்லை.

டீ வடிகட்டும்போது கை நின்றது.
இங்கே வடிகட்டியில் தங்குவது சக்கை,
இறங்குவதைக் குடிக்கிறோம்.
அங்கே தங்குவதைக் குடிக்கிறோம்.
இறங்கிப் போனது
எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது?

திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன்,
பெயரை, மாதத்தை, அவசரத்தை,
கெடுவை, நிலையை, கடைசியாகத் துறையை.

கண் கழுவும் குழாய்கள் எட்டும்
ஒரே நிமிடத்தில் சோதிக்கப்பட்டிருக்கின்றன,
ஞாயிறு இரவு பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு.
முதல் குழாய்க்கும் எட்டாவதுக்கும் நடுவே
முக்கால் கிலோமீட்டர். அன்றைக்கு மழை வேறு.
பதிந்த பெயர் என்னுடையது.

அதற்கும் கீழே, எந்த வரிசையிலும் ஒட்டாமல்
இயந்திர எண் இல்லாத ஒரு வரி.
துறை காலி. அவசரம் காலி. கெடு காலி.
எந்தக் கேள்விக்கும் அது பதிலாக வராது.
நாற்பத்தொரு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது.

'மூணாவது ஷெட்டு பின்னாடி பம்பு
முன்ன மாரி இல்ல. கொரல் கம்முது.
இருசப்பன், காண்ட்ராக்ட்.'

செக்யூரிட்டியின் கடவுச்சொல்லில் பதிந்திருக்கிறார்.
இருசப்பனுக்குக் கடவுச்சொல் கிடையாது,
கேன்டீன் டோக்கன்கூட வேறு நிறம்.
தேடினால் கிடைக்கும் என்றுதான்
பயிற்சி தர வந்த பையன் சொன்னான்.
தேடுகிற மாதிரி எழுதினால்தான் கிடைக்கும் என்று
சொல்லவில்லை.

டார்ச்சும் நீள ஸ்க்ரூடிரைவருமாகப் போனேன்.
முனையை பேரிங் மூடியில் ஊன்றி
பிடியைக் காதோர எலும்பில் அழுத்தினேன்.
சளி கட்டிய தொண்டையில்
யாரோ மணலை மென்று விழுங்குவதுபோல்.
கை வைத்தால், மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டிய சூடு.

மாற்றுப் பம்பை ஓட்டச் சொல்லி வாக்கிடாக்கியில் கேட்டேன்.
"அதுக்குக் கப்ளிங்கே இல்லையே மேடம்,
போன தையில கழட்டினது" என்றார் அமிர்தகடேசன்.
அந்த வேலையைத் தேடினேன்.
நிலை: முடிந்தது.

"அப்ப ஃபீடை நிறுத்துங்க."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"யார் சொன்னதா எழுதட்டும்?"
"என் பேரைப் போடுங்க."

சத்தம் அடங்கிய ஷெட்டில்
தவளைகள் இவ்வளவு இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

இருசப்பன் வரியை நிரப்ப உட்கார்ந்தேன்.
இயந்திர எண் போட்டேன், துறை போட்டேன்,
அவசரத்துக்கு மேலே ஒன்றுமில்லாததால் அவசரம்.
பழுதின் வகை கேட்டது.
கசிவு, அதிர்வு, வெப்பம், மின்பழுது, மற்றவை.
கம்மலுக்கு இடமில்லை.
மற்றவை என்று அழுத்தினேன்.
அவர் எழுதியதில் ஓரெழுத்தும் திருத்தவில்லை.

பிறகு அந்த எட்டையும் மறுபடி திறந்தேன்.
எட்டுச் சிவப்பு.

மணி மூன்றே கால்.
முதல் குழாயின் மிதியை மிதித்தேன்.
இருமியது, காற்று வந்தது,
பிறகு துருத் தண்ணீர், டீ நிறத்தில்.
தெளியும்வரை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இன்னும் ஏழு.